பெட்டியில் "தினமும்" என்று எழுதியிருந்தது

ஒரு சிகரெட்டை இரண்டு வாயால் முடித்த என் திரவியம் அண்ணைக்கு,

இதை நான்தான் எழுதுகிறேன். ஒருவரும் எழுதித் தரவில்லை. இந்த மூன்று வசனம் எழுதி முடிக்கத் தேத்தண்ணி ஆறிவிட்டது. என் மனுசி பாக்கியம் அதைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கடிதம் எழுதுறியளோ, கல்வெட்டு வெட்டுறியளோ?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

உங்கள் வாழ்க்கையை எழுதிய கல்வெட்டுப் புத்தகம் போன வருடமே அச்சடித்துக் கொடுத்தாயிற்று. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று என் கையிலும் ஒன்று தந்தார்கள். நான் உங்கள் படத்தைப் பார்த்தேன், மடித்தேன், பையில் வைத்தேன். இப்போதுதான் வாசித்தேன் அண்ணை. நான்கு நாள் எடுத்தது. உங்களைப் பற்றி எல்லாம் நல்லதாகவே போட்டிருக்கிறார்கள். வாங்கிய லைட்டரைத் திருப்பித் தரமாட்டீர்கள் என்பது மட்டும் இல்லை.

இங்கே ஹம் நகரில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடக்கிறது அல்லவா? அங்கே பெரியவர்களுக்கும் ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள். படிப்பது நானும் இன்னும் மூன்று பேரும். ஆண்டு மலருக்கு, இறந்துபோன ஒருவருக்குக் கடிதம் எழுதித் தாருங்கள் என்று ரீச்சர் கேட்டார். அதனால் இதை வேறு ஆட்களும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். உங்களுக்கும் பாக்கியத்துக்கும் மட்டும் தெரியும் என்று நான் நினைத்திருந்த இரகசியம் இனி இரகசியம் இல்லை.

உங்களுக்கு அது தெரியவந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. தொழிற்சாலையில் நான் சேர்ந்து இரண்டாவது கிழமை. வேலை நேர அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பவன் போல நின்றேன். நீங்கள் பின்னால் வந்து, ஒன்றும் பேசாமல், தாளை என் கையில் இருந்து எடுத்து, தலைகீழாக இருந்ததை நிமிர்த்தித் திருப்பித் தந்தீர்கள்.

"கண்ணாடி கொண்டு வரேல்லைப் போலை?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அண்ணை, வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன்."

அப்போது என்னிடம் கண்ணாடியே கிடையாது. பிறகு இருபத்தெட்டு வருடம், எந்தத் தாள் வந்தாலும், ஆட்கள் முன்னால் நீங்கள் அதையே சொல்வீர்கள். "இவர் கண்ணாடியை மறந்திட்டார், தாங்கோ நான் வாசிக்கிறன்." எங்களோடு வேலை செய்த அத்தனை ஜெர்மன்காரரும் என்னைப் பெரிய மறதிக்காரன் என்று நினைத்தார்கள்.

நான் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன். ஏழு வயதில் புகையிலைத் தோட்டத்தில் வேலைக்கு விட்டார்கள். கன்றுக்குத் தண்ணீர் கட்டினேன், முளை கிள்ளினேன். அவ்வளவுதான். கிள்ளிய கையில் ஒட்டும் பிசின் இரண்டு நாளைக்குப் போகாது. அந்தக் கையில் யார் எழுதுகிற சிலேற்றைத் தருவார்கள்?

சைக்கிள் கொட்டிலின் பின்பக்கம் நாங்கள் சிகரெட் பத்தி ஊதின இடத்தையும் எழுத வேண்டும். பெட்டி எப்போதும் என்னுடையது, லைட்டரும் என்னுடையது. ஒருநாள் பெட்டியில் கொட்டை எழுத்தில் ஏதோ புதிதாகப் போட்டிருந்தது. என்ன எழுதிக் கிடக்கிறது என்று கேட்டேன். நீங்கள் பெட்டியை வாங்கிப் பார்த்தீர்கள். கொஞ்ச நேரம் பார்த்தீர்கள்.

"நாளைக்கு மழையாம்," என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி இருந்தது. "இண்டைக்கு மேலதிக வேலை இல்லையாம்." "நாகமுத்துவின்ரை மனுசி புட்டுக்குள்ளை உப்புப் போட மறந்திட்டாவாம்," என்று என் பெயரையே இழுப்பீர்கள். "இந்தப் பெட்டிக்காரன் நல்லவனாம், ஆனால் கண்ணாடி இல்லையாம்." பிறகு கறுத்த சுவாசப்பையின் படம் போட்டு வந்தபோது, எனக்கு அது என்னவென்று விளங்கியது. எழுத்துத் தெரியாதவனுக்கும் படம் தெரியும். ஆனாலும் கேட்டேன். "புது ஆட்டிறைச்சிக் கடை திறக்கிறாங்களாம்," என்றீர்கள். இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் பெட்டியை மறுபக்கம் திருப்பி வைத்தோம்.

ஓய்வூதியம் எடுத்த பிறகும் விடவில்லையே. ஹம் ரயில் நிலையத்தில், மேடையில் மஞ்சள் கோடு கீறிய சதுரம், புகைப்பவர்கள் நிற்க. காலையில் போய் அதற்குள் நிற்போம். எந்த ரயிலுக்கும் இல்லை. "கிளித்தட்டு மறிக்கிற மாதிரி நிக்கிறம்," என்பீர்கள். கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் "ஆட்டமிழந்தாய்" என்பீர்கள்.

ஒரு நாள் அந்தச் சதுரத்துக்குள் நீங்கள் சட்டைப்பையில் இருந்து இரண்டு பெட்டி எடுத்தீர்கள். மருத்துவர் உங்கள் சுவாசத்தை அளந்துவிட்டு, சிகரெட்டை இன்றைக்கே விட வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஒரேயடியாக விட உங்களால் முடியவில்லை. அதனால் வேப் என்கிற மின்சிகரெட் வாங்கி வந்தீர்கள். கறுப்பு உங்களுக்கு, நீலம் எனக்கு.

"இதென்ன அண்ணை, பால்குடிப் பிள்ளையின்ரை சூப்பி மாதிரி?"

"சூப்பிதான். எங்களுக்கும் பால் மறக்கிற வயசு வந்திட்டுது. பிடி."

நான் சிரித்தேன். என் சிகரெட்டைப் பற்றவைத்து உங்கள் முகத்துக்கு நேரே ஊதினேன். நீலத்தைக் கொண்டுபோய் வீட்டு மேசை லாச்சிக்குள் போட்டேன். நீங்கள் ஆவியை ஊதிக்கொண்டு என் பக்கத்தில் நின்றீர்கள். அடுத்த எட்டு மாதமும் அப்படித்தான் நின்றீர்கள், ஒவ்வொரு மாதமும் மேடைப் படியில் கொஞ்சம் கூடுதலாக மூச்சிளைத்துக்கொண்டு. உங்கள் நெஞ்சுக்கு அந்தச் சூப்பி பிந்தித்தான் வந்தது.

உங்களைத் தகனம் செய்த அன்று நான் அழவில்லை அண்ணை. எல்லோரும் அழுதார்கள். நான் முன்வரிசையில் இருந்து, திரைச்சீலையில் எத்தனை மடிப்பு என்று பார்த்தேன். பதினாறு. பல் வைத்தியர் ஊசி போட்டால் உதடு இருக்கும், தொட்டால் அது வேறு யாருடையதோ போல இருக்கும் அல்லவா? அப்படி இருந்தது. அந்த விறைப்பு இன்னும் போகவில்லை. பாக்கியம், "உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையோ?" என்று கேட்டாள். செய்தால்தானே சொல்ல.

பிறகு கடிதங்கள் வந்தன. ஓய்வூதியக் காரியாலயம், மருத்துவமனை, வீட்டுக்காரன். நீங்கள் இல்லை. மேசையில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தேன். கண் வைத்தியர் நாள் குறித்துத் தந்த தெர்மின் ஒன்று அப்படியே தவறிப்போனது. மூன்று மாதம் காத்திருந்து பெற்ற தெர்மின். பாக்கியம் என்னைக் கையில் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எழுபத்தோராவது வயதில். வாசலில் ரீச்சர் என்னைப் பார்த்து, "பேரப்பிள்ளை எந்த வகுப்பு ஐயா?" என்று கேட்டார். "நான்தான் பிள்ளை," என்றேன்.

அண்ணை, எழுத்து என்ன சந்தோசமான சாமான் என்று நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை! "ழ" எழுத எனக்கு ஒரு கிழமை. எழுதி முடித்த அன்று அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். இன்னும் இருக்கிறது. என் பெயரில் இருக்கும் "த்" தலையில் புள்ளியோடு நிற்பதை முதல் முறை கண்டபோது, இத்தனை வருடமும் இது இங்கேதான் இருந்ததா என்று நினைத்தேன். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஏறி முடித்தவனுக்கு ஜெர்மன் எழுத்து முப்பதும் சின்ன மண்பிட்டி. கடைப் பெயர், பஸ் பெயர், பால் பெட்டி, எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டே தெருவில் போகிறேன். பாக்கியம் என்னோடு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

தை மாதம் ஒரு காலை. மஞ்சள் சதுரத்துக்குள் தனியே நின்றேன். சிகரெட் ஒன்றை எடுத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தேன். முதல் சொல் "ரவுக்கன்", புகைத்தல். அது மேடைப் பலகையிலும் இருக்கிறது. இரண்டாவது "இஸ்ட்". மூன்றாவது சொல் நீளம். "ட"வில் தொடங்கியது, பிறகு தலையில் இரண்டு புள்ளி வைத்த எழுத்து, கடைசியில் "லிக்". எனக்குத் தெரிந்த சொல்! நான் பிரஷருக்கு விழுங்கும் குளிசைப் பெட்டியில் அது இருக்கிறது. "டேக்லிக்." தினமும்.

புகைத்தல் தினமும்.

நான் பெரிதாகச் சிரித்துவிட்டேன். நாயோடு நின்ற ஒரு ஜெர்மன் பெண் தள்ளிப்போய் நின்றாள். குளிசைக்குப் போடுவது போலச் சிகரெட்டுக்கும் போட்டிருக்கிறார்கள், நாங்களும் ஒரு நாள் தவறாமல் சொன்னபடி செய்தோம் என்று நினைத்தேன். இதை உங்களுக்குச் சொல்லத் திரும்பினேன்.

சனிக்கிழமை பெட்டியைக் கொண்டுபோய் ரீச்சரிடம் வாசித்துக் காட்டினேன். ரீச்சர் பெட்டியை வாங்கிப் பார்த்தார். உங்களைப் போலவே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஐயா, நீங்கள் முதல் எழுத்தையும் கடைசியையும் பிடிச்சுக்கொண்டு நடுவைப் பாய்ஞ்சிட்டியள்," என்றார். "இது 'ஆ'வுக்கு வைச்ச புள்ளி இல்லை. 'ஓ'வுக்கு வைச்ச புள்ளி. அதுக்குப் பிறகு நிக்கிறது 'கே' இல்லை, 'டே'. திருப்பி வாசியுங்கோ."

வாசித்தேன். "டோட்லிக்."

"ஓம். விளங்குதோ?"

விளங்கவில்லை. ரீச்சர் பலகையில் தமிழில் எழுதினார். நான் எழுத்து எழுத்தாக வாசித்தேன். சா, க, டி, க், கு, ம். சாகடிக்கும்.

தமிழில் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் உயிர் போய்விடும், மெய் மட்டும் மிஞ்சும் என்று ரீச்சர் முதல் மாதத்திலேயே சொல்லித் தந்திருந்தார். ஜெர்மனில் இரண்டு புள்ளி வைக்கிறார்கள்.

அண்ணை, இத்தனை வருடமும் பெட்டியில் இந்தச் சொல்தான் இருந்ததா, வேறு சொற்களும் இருந்தனவா, எனக்குத் தெரியாது. மழை என்று ஒரு நாளும் இருந்திருக்காது. ஏன் அப்படிச் சொன்னீர்கள்? நான் பயப்படக் கூடாது என்றா? அல்லது அதை உங்கள் வாயால் சத்தமாகச் சொல்ல உங்களுக்கே பயமா? நீங்கள் ஒரு தரம் சரியாக வாசித்திருந்தால் நான் விட்டிருப்பேனா? விட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கோபம் வருமா என்று காத்திருந்து பார்த்தேன். அதுவும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து லாச்சியைத் திறந்தேன். நீலம் இருந்தது. தொலைபேசியைச் சார்ஜ் பண்ணும் வயரையே அதற்கும் கொழுவினேன். சின்ன விளக்கு எரிந்தது. முதல் இழுவையில் இருமி, கண்ணாடி கழன்று விழுந்தது. புதினாச் சுவை. பல் தீட்டுகிற மாதிரி இருந்தது. தொண்டையில் அந்தச் சுடுதல் இல்லை. விரலுக்குச் சூடில்லை. தட்டுவதற்குச் சாம்பல் இல்லை.

பெரிய கரைச்சல் எது தெரியுமா? சிகரெட்டுக்கு ஒரு முடிவு இருக்கிறது. அது முடிந்தால் உள்ளே போவோம். இது முடிவதே இல்லை. போதும், காணும் என்று அது சொல்லாது, நான்தான் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாள் முழுக்கச் சூப்பிக்கொண்டு திரிந்தேன். மருத்துவரிடம் கேட்டேன். இதுவும் நல்ல சாமான் இல்லை, ஆனால் சிகரெட்டுக்குத் திரும்பிப் போகாதே, மெல்ல மெல்லக் குறைத்து இதையும் விடு என்றார். கடையில் நானே போத்தலை எடுத்து வாசிக்கிறேன். மாம்பழம். நிக்கொட்டின் பன்னிரண்டு. பிறகு ஆறு. வருகிற மாதம் மூன்று வாங்குவேன். இதற்கும் மேடையில் அதே மஞ்சள் சதுரம்தான்.

பங்குனியில் ஒரு தரம் வழுக்கினேன். மேடையில் ஒரு பெடியன் சிகரெட் ஒன்றை நீட்டினான், ஒரு இழுவைதானே என்று வாங்கினேன். அன்று பின்னேரமே ஒரு பெட்டி வாங்கினேன். அடுத்த நாள் அது முடிந்துவிட்டது. பாக்கியம் என் தலையணையை வெளிப் பல்கனியில் கொண்டுபோய்க் காயவைத்தாள். மூன்றாம் நாள் நீலத்துக்குத் திரும்பினேன். ஒரு இழுவை என்றால் எனக்கு அது ஒரு இழுவை இல்லை என்று அன்று தெரிந்தது.

அதனால்தான் உங்கள் மனுசி இராசாத்தி அக்கா தொலைபேசி எடுத்துக் கேட்டபோது பயந்தேன்.

"தம்பி, வாற ஞாயிறு அவரின்ரை ஒரு வருச ஆட்டைத்திவசம். படையலுக்கு அவருக்குப் பிடிச்சதெல்லாம் வைக்கிறன். சிகரெட் பெட்டி ஒண்டு நீங்கள்தான் வாங்கிக்கொண்டு வரவேணும். எது எண்டு எனக்குத் தெரியாது. வந்து ஒண்டைப் பத்தவைச்சுத் தட்டிலை வையுங்கோ. இந்த வீட்டிலை வேறை ஒருத்தரும் பத்துறேல்லை."

ஓம் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு நான் வேறு என்ன செய்தேன்? பாக்கியத்துக்குச் சொன்னபோது அவள் கறி வெட்டுவதை நிறுத்தினாள்.

"பத்தவைக்கிறதெண்டால் வாயிலை வைச்சு இழுக்கவேணும்."

"ஓம்."

"ஏலாது எண்டு சொல்லுங்கோ."

"திரவியம் அண்ணைக்கு ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அந்த மனுசன் சூப்பி வாங்கித் தந்ததும் உங்களுக்குத்தானே," என்றாள். திரும்பவும் கறி வெட்டத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தோம். உங்கள் படத்துக்கு முன்னால் வாழையிலை. கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். சாம்பிராணிப் புகைக்கு அலாரம் அடிக்கக் கூடாது என்று கூரையில் இருக்கும் புகைக்கருவிக்கு உங்கள் மகள் குளியல் தொப்பி போட்டு மூடியிருந்தாள். நான் பெட்டியைப் பிரித்தேன். ஒன்றை உருவினேன். அக்கா லைட்டரை நீட்டினார். அது என் லைட்டர் அண்ணை. பச்சை, பக்கத்தில் கீறல் விழுந்தது. உங்கள் கோட்டுப் பையில் இருந்ததாம்.

சிகரெட் விரலுக்கு இடையில் இருந்தது. விரல் அதை மறக்கவில்லை. மற்றப் பையில் நீலம் இருந்தது. அதை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் என்ன என்று ஒரு தரம் நினைத்தேன். வைத்துப் பயன் இல்லை. சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டால் அது தானே எரியும், இறந்தவர் இழுக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொள்ளலாம். நீலம் அப்படி இல்லை. உயிரோடு இருக்கிற ஒருவர் இழுத்தால்தான் அது புகைக்கும்.

என் கை மேலே போகவில்லை. கீழேயும் போகவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாக்கியம் நிலத்தைப் பார்த்தாள்.

அக்காதான் வந்தார். என் விரலில் இருந்து சிகரெட்டை எடுத்தார். தன் வாயில் வைத்தார். லைட்டரைத் தட்டி, ஒரு நல்ல இழுவை இழுத்தார்.

"அம்மா!" என்று உங்கள் மகள் கத்தினாள்.

அக்கா இருமி, கண்ணைத் துடைத்து, புகையை உங்கள் படத்துக்கு நேரே விட்டார். "என்ன 'அம்மா'? முப்பத்தொன்பது வருசம் இந்த மனுசனுக்குப் பக்கத்திலை இருந்து நானும்தான் பத்தினனான். எனக்கு இழுக்கத் தெரியாதோ?"

பிறகு அதைத் தட்டில் வைத்தார். அது எரிந்தது. சாம்பல் உடையாமல் நீண்டுகொண்டு போனது.

அண்ணை, அது நாறியது. ஐந்து மாதத்தில் என் மூக்குத் திரும்பி வந்திருக்கிறது. நாங்கள் இருபத்தெட்டு வருடம் இப்படியா நாறினோம்? பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரர் எல்லோரையும் நினைத்தேன். அப்போதும் அழுகை வரவில்லை. ஆனால் ஒரு வருடத்தில் முதல் தரம், நீங்கள் அந்த அறைக்குள் நிற்கிறீர்கள் என்று என் மூக்குச் சொன்னது. கண்ணும் நெஞ்சும் ஒன்றும் சொல்லவில்லை.

"தம்பி இப்ப வாசிப்பாராம்," என்றார் அக்கா. "அவர் உங்களுக்கு வாசிச்ச பெட்டிதானே. இண்டைக்கு நீங்கள் அவருக்கு வாசியுங்கோ."

கண்ணாடியைப் போட்டேன். பெட்டியை எடுத்தேன். இப்போது எனக்கு நடுவில் இருக்கும் எழுத்தும் தெரியும். உங்கள் படத்தைப் பார்த்துச் சத்தமாக வாசித்தேன்.

"ரவுக்கன் இஸ்ட் டேக்லிக்."

இங்கே பிறந்த உங்கள் மகள் பிழை திருத்த வாயைத் திறந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்தார். அக்காவுக்குத் தெரியும். நீங்கள் எனக்கு வாசித்த மழை, உப்பு, இறைச்சிக்கடை எல்லாம் இரவில் சாப்பிடும்போது அக்காவுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது அன்றுதான் தெரியும்.

சாப்பிட்டு முடிந்து போக எழும்பினேன். பெட்டி மேசையில் இருந்தது. எடுப்பேனோ என்று பாக்கியம் என் கையைப் பார்த்தாள். எனக்கும் தெரியாது, எடுப்பேனோ என்று. அக்கா எடுத்தார். மூடியை அழுத்தி மூடி, உங்கள் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

"பத்தொன்பது மிச்சம்," என்றார். "வருசத்துக்கு ஒண்டு. இது முடியும் வரைக்கும் வேறை பெட்டி வாங்கமாட்டன். பத்தவைக்கிறது நான். வாசிக்கிறது நீங்கள்."

நான் கணக்குப் பார்த்தேன். எழுபத்தொன்றும் பத்தொன்பதும் தொண்ணூறு. படியில் இறங்கும்போது பாக்கியத்திடம் சொன்னேன். "அப்ப அடுத்த மாசம் மூண்டு வாங்கவேணும்," என்றாள். "பிறகு ஒண்டும் இல்லாதது."

அண்ணை, அழுகிறேன் என்று உங்களுக்கு வாக்குத் தர என்னால் முடியாது. வந்தால் வரட்டும். இதைத்தான் தருகிறேன்: அந்தப் பெட்டி வெறுமையாகும் வரைக்கும் நான் இருப்பேன். என் மூச்சை அதற்கு மிச்சம் பிடித்து வைப்பேன். ஒவ்வொரு வருடமும் வந்து, கண்ணாடியைப் போட்டு, உங்களுக்குப் பெட்டியை வாசிப்பேன். சரியாக மட்டும் வாசிக்க மாட்டேன். அடுத்த வருடம் மழை என்று வைத்திருக்கிறேன்.

லைட்டரைக் கடைசியாகத் திருப்பி வாங்கிக்கொண்டு, அதை அக்காவிடமே கொடுத்துவிட்டு வந்த,
உங்கள் சூப்பித் தம்பி
நாகமுத்து